மேரி ரெண்டு எழுத்தா, மூணு எழுத்தா?

எம். புதுப்பட்டியில் கல்யாண மண்டபம் பிடிப்பதைவிடக் கல்லறைக்குக் கல் பிடிப்பது கஷ்டமாகிவிட்டது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்குள் அம்மாவுக்குக் கல் வைத்துவிட வேண்டும் என்று வீட்டில் முடிவு. தீபாவளி போனஸ் கைக்கு வருவதும் அந்த வாக்கில்தான் என்பதால் வேறு பல வீட்டிலும் அதே முடிவு. கல்கடைக்காரருக்கு நிமிர்ந்து பார்க்க நேரமில்லை.

"ஜெட் பிளாக் போட்டுருவோமா அண்ணாச்சி?" நான் எதைக் கேட்டாலும் இதுதான் பதில். கறுப்பில்தான் லேசர் போட்டோ எடுப்பாகத் தெரியுமாம். உண்மைதான். மெருகேற்றிய கறுப்பில் லேசர் பட்ட இடம் வெளுத்து உருவம் தெரியும், வெளிர் கல்லில் அந்த வித்தை பலிக்காது. ஆனால் பட்டாசு மருந்து காய்வதற்கென்றே வாய்த்த வெயில் எங்கள் ஊர் வெயில். சித்திரை மதியத்தில் அந்தக் கறுப்புக் கல்மேல் தோசை ஊற்றலாம். அதில் மாலையைப் போட்டால் என்ன ஆகும், மெழுகுவர்த்தியை வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டால், "எல்லாரும் அதானே அண்ணாச்சி வைக்காக" என்கிறார். சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பு என்று விற்பதும் இந்தத் தொழிலில் உண்டு. அசிட்டோனைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தால் சாயம் பஞ்சோடு வந்துவிடும். நான் பஞ்சை எடுத்ததும் கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கல்லே வெளுத்திருக்கும். நிலவியல் படித்தவர்களைக் கேட்டால் இந்தக் கறுப்பு வகைகள் பெரும்பாலும் கிரானைட்டே இல்லை, டோலரைட், கேப்ரோ என்பார்கள். பில்லில் கிரானைட்தான்.

சரி, மேலூர்க் கல் இருக்கிறதா என்றேன். அதெல்லாம் இப்போது வருவதில்லையாம். 2012-ல் மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம், கிரானைட் முறைகேட்டில் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று அறிக்கை அனுப்பினார். அதன்பிறகு குவாரிகள் பூட்டிக்கொண்டன. மலை மலையாக அறுத்துக் கப்பலேற்றியவர்கள் ஏற்றிவிட்டார்கள். பக்கத்து மாவட்டத்துக் கல்லில் ஒரு துண்டு எங்கள் அம்மாவுக்கு இல்லை. ஓங்கோல் பக்கம் சீமகுர்த்தியிலிருந்து வந்த பிளாக் கேலக்ஸி மட்டும் பொன்புள்ளி மின்னக் கடை வாசலில் சாய்ந்து நிற்கிறது.

கல்லாவது பரவாயில்லை. எழுத்து இருக்கிறதே, அதற்குத் தனி ரேட், எழுத்துக்கு இவ்வளவு என்று. அம்மா பெயர் மேரி. இரண்டு எழுத்து என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கணக்கில் மூன்று. கொம்பு தனி, 'ம' தனி, 'ரி' தனி. அப்படித்தான் கம்ப்யூட்டரில் தட்டுகிறாராம். காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் அடித்து இந்தியா முழுக்க அனுப்பும் சிவகாசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கணக்கு!

அடுத்தது பிறந்த தேதி. அம்மாவுக்கு அது கிடையாது. ஆதாரில் ஜனவரி 1 என்று இருக்கிறது. அந்தத் தலைமுறையில் தெருவுக்குப் பத்துப் பேர் ஜனவரி 1-ல்தான் பிறந்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் பிறந்த தேதிதான் தெரியாதே தவிர, இறந்த தேதி யாருக்கும் மறக்காது. பட்டாசு ஆலை வெடிவிபத்துகளில், முதலிப்பட்டி என்றால் 2012 செப்டம்பர் 5. ரெங்கபாளையம் என்றால் 2023 அக்டோபர் 17.

இத்தனைக்கும் பழைய ஆட்கள் கல் தேடுவதையே ஒரு சடங்காக வைத்திருந்தார்கள். நடுகல்லுக்குத் தொல்காப்பியம் சொல்லும் ஆறு துறைகளில் முதலாவது காட்சி, அதாவது கல்லைப் பார்த்துத் தேர்வது. கண்ணகிக்குக் கல்லெடுக்கச் செங்குட்டுவன் இமயம்வரை போனதாகச் சிலப்பதிகாரம். அவனிடம் யாரும் எழுத்துக்கு ரேட் சொல்லியிருக்க மாட்டார்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் தமிழ்ப் பிராமி எழுத்தோடு மூன்று நடுகற்கள் கிடைத்தன. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்டவை. மெருகு இல்லை, போட்டோ இல்லை. அதில் ஒன்று ஆளின் பேரையும், மாடு கவர்ந்த சண்டை நடந்த ஊரையும் சொல்கிறது, அவ்வளவுதான். பிறந்த தேதியை யாரும் கேட்கவில்லை.

எங்கள் கல்லிலோ கீழ்ப்பாதி முழுக்க நாங்கள்தான். கோயம்புத்தூரிலிருந்து அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலில் மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள், எல்லார் பெயருக்குப் பின்னாலும் பட்டம். பி.இ.க்கும் எம்.பி.ஏ.வுக்கும் எழுத்துக் கணக்கில் தாராளமாகப் பணம் தருகிறான். அந்தப் பட்டங்களுக்கு ஃபீஸ் கட்டியவள் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கினாள், ராத்திரி வீட்டில் பெட்டி ஒட்டினாள். பெயருக்குக் கீழே 'தீப்பெட்டித் தொழிலாளி' என்று ஒரு வரி போடச் சொன்னேன்.

"அது நல்லாவா இருக்கும் அண்ணாச்சி?" என்றார் கடைக்காரர். போனில் அண்ணனும் அதையேதான் கேட்டான்.

நல்லா இருக்கும், போடுங்கள், பட்டங்களையும் அந்த ஜனவரி 1-ஐயும் எடுத்துவிடுங்கள் என்றேன். கம்ப்யூட்டரில் எடுத்துப் பார்த்தார். அவருக்கு மனசு ஆறவில்லை.

"வலது பக்கம் மொட்டையா நிக்கே... ஒரு புறா வச்சிருவோம். அதுக்குக் காசு வேண்டாம்."