ஏழு டாலரா? எடுத்துச் செல்!

களத்திலே குண்டுக்கு நெஞ்சு காட்டுவதை வீரம் என்கிறோம். சம்பள நாளன்று, காலிப் பையோடு நின்றுகொண்டு, நீட்டிய பணத்தை வேண்டாமென்று தள்ளுவதற்குப் பெயர் என்ன? அமெரிக்காவிலே ஒரு படை இரண்டையும் செய்தது.

அடிமை முறையைக் கட்டிக் காக்கத் தென் மாநிலங்கள் பிரிந்து நின்று மூட்டிய உள்நாட்டுப் போர் அது, 1861இல் மூண்டது. 1863இன் தொடக்கத்தில், வடக்கே மாசசூசெட்ஸ் மாநிலம் கறுப்பர்களைத் தொண்டர்களாகத் திரட்டி 54ஆவது காலாட்படையை அமைத்தது. அடிமையாயிருந்து தப்பி, நாவன்மையால் நாட்டையே உலுக்கிய பிரடெரிக் டக்ளஸ் ஆள் சேர்த்தார். ஊரார் பிள்ளைகளை மட்டுமல்ல, தம் பிள்ளைகள் இருவரையும் அனுப்பினார்! (எத்தனை தலைவர்கள் செய்வர் இதை?)

வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், உடை தனி. அதுவே உங்களுக்கும் என்றுதான் வாக்களித்தார்கள். வந்ததோ 10 டாலர். அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம். மிச்சம் 7! சார்ஜண்டானாலும் அதே 7! கறுப்பரை எடுபிடி வேலைக்காரராக எண்ணி 1862இல் எழுதிய சட்டமாம், காட்டினார்கள்.

1863 ஜூலை 18. சார்லஸ்டன் துறைமுகத்தை அடுத்த வாக்னர் கோட்டை. அந்தி மயங்கும் வேளையில், கடற்கரை மணலிலே 600 பேர் பாய்ந்தனர். கோட்டை விழவில்லை. மாண்டோர், காயமுற்றோர், காணாமற் போனோர் 270 பேருக்கு மேல். 25 வயது வெள்ளை இளைஞர், கர்னல் ஷா, கோட்டை மதில் மீதே வீழ்ந்தார். கறுப்பரோடு ஒரே குழியில் தள்ளினால் இழிவு என்று எண்ணிப் புதைத்தனர் எதிரிகள். தோண்டாதீர், தன் வீரரோடு கிடப்பதே என் மகனுக்குப் பெருமை என்றார் தந்தை!

அந்தக் குருதிக்குப் பிறகும் அதே 7 டாலர். தொடவில்லை அவர்கள். வீட்டிலே மனைவி மக்கள் வாடினர், தொடவில்லை. குறைகிற தொகையை நாங்கள் தருகிறோம் என்றது மாசசூசெட்ஸ் சட்டமன்றம், அதையும் மறுத்தனர். அவர்கள் கேட்டது ஆறு டாலரா என்ன? திமிங்கல வேட்டைக் கப்பலிலே உழைத்துப் பழகிய கார்ப்பொரல் ஜேம்ஸ் ஹென்றி கூடிங், லிங்கனுக்கே கடிதம் எழுதிக் கேட்டார்: நாங்கள் படைவீரரா, கூலியாட்களா என்று.

மறுப்பது விளையாட்டல்ல. தென் கரோலினாவில் திரட்டிய மற்றொரு கறுப்பர் படையில், இதே ஊதியத்துக்காகத் துப்பாக்கியைக் கீழே வைக்கச் செய்த சார்ஜண்ட் வில்லியம் வாக்கரை 1864 பிப்ரவரியில் சுட்டே கொன்றது அவர் சேவை செய்த அரசு!

அதே மாதம் புளோரிடாவில் ஒலஸ்டீ போர். தோற்றோடிய வடபடையின் பின்புறத்தைக் காத்து நின்றது 54. காயம்பட்டோரை ஏற்றிய ரயிலின் எஞ்சின் பழுதாகி நின்றது. கயிறு கட்டி இழுத்தனர் சம்பளம் வாங்காத அந்தச் சிப்பாய்கள். கூடிங் அங்கேதான் காயத்தோடு பிடிபட்டார். ஜூலையில் ஆண்டர்சன்வில் சிறையில் மாண்டார்.

1864 ஜூனில் சம ஊதியச் சட்டம் வந்தது. வந்தும் ஒரு முள்! 1861 ஏப்ரல் 19இல் சுதந்திர மனிதனாக இருந்தவனுக்கே முழு நிலுவை. சத்தியம் செய்ய வேண்டும். கர்னல் ஹாலோவெல் ஒரு வாசகம் எழுதினார்: அந்த நாளில் ஊதியமில்லா உழைப்பை எந்த மனிதனுக்கும் நான் கடன்பட்டிருக்கவில்லை என்று. எசமானனிடமிருந்து தப்பி வந்தவர்களும் கையை உயர்த்திச் சொன்னார்கள். பொய்யென்று யார் சொல்வார்? அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில், ஏறத்தாழ 18 மாதங்களுக்குப் பின், முழுச் சம்பளத்தை எண்ணி வாங்கினார்கள்.