ஞாயிற்றுக்கு ஈடு உண்டா?

பீன்யா தொழிற்பேட்டையில் தாயும் தந்தையும் வெவ்வேறு ஷிப்டுகளில் உழைக்கும் தமிழ்க் கிறித்தவக் குடும்பத்துக்கு ஞாயிறு ஒன்றே அனைவரும் கூடும் நாள். காலைத் திருப்பலி, பிள்ளைகளின் மறைக்கல்வி, ஒன்றாய் அமர்ந்துண்ணும் மதிய உணவு, இடையிடையே பிள்ளைகளின் பூசல், மாலையில் சீருடை துவைத்தல் என அந்நாள் நிறையும்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 52ஆம் பிரிவு ஞாயிறை ஓய்வுநாளாக வகுத்தது. எனினும், முன்போ பின்போ மூன்று நாள்களுள் ஒன்றை ஈடாகத் தந்து அன்று வேலை வாங்கவும் இடமளித்தது. உடலின் களைப்புக்கு அந்த ஈடு போதும், குடும்பத்துக்குப் போதாது. புதன்கிழமை ஓய்வு பெறும் தாய் யாரோடு அமர்ந்து உண்பாள்? பிள்ளைகள் பள்ளியில்; கணவர் ஆலையில். ஆகவே, ஞாயிறு வேலைக்குத் தொழிலாளியின் ஒப்புதலைக் கட்டாயமாக்குவதே நேர்மை.