உபதேசியார் இல்லாத ஊர்

ஆர்.சி. கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் பெந்தெகொஸ்தே ‘சபை’க்குப் போக ஆரம்பித்தால், காரணம் சொல்ல நம் வட்டாரத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. பணம் கொடுத்து இழுத்துவிட்டார்கள் என்பார்கள் கோயிலில் மிச்சமிருப்பவர்கள். வசனம் படித்தோம், சத்தியம் தெரிந்தது என்பார்கள் போனவர்கள். எல்லாம் சாதிச் சான்றிதழுக்குத்தான் என்று கண்ணடிப்பார்கள் இரண்டிலும் சேராதவர்கள். சந்தவாசலிலிருந்து வரும் இந்த இதழுக்கு எந்த வேதத்தின் மீதும் பாத்தியதை கிடையாது. எனவே நாங்களும் ஒன்றைச் சொல்லிப் பார்க்கிறோம்: ஊரில் உபதேசியார் இல்லாமல் போனார், அதனால் போகிறார்கள்.

பணக் கதையை முதலில் முடித்துவிடலாம். போளூருக்குக் கிழக்கே சேத்துப்பட்டில் லூர்து மாதா கோயிலைப் பார்க்காதவர்கள் இந்தப் பக்கம் குறைவு. அங்கே இருந்து வேலை செய்த பிரெஞ்சுக் குரு தாராஸ் (1835–1916), 1876–78 தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டி ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். கஞ்சிக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் என்ற ஏச்சு அப்போது இந்தக் கத்தோலிக்கர்களின் முன்னோர்மீது விழுந்தது. அதே ஏச்சை இன்று பேரன்கள் அடுத்த தெருக்காரர்மீது வீசுகிறார்கள். கஞ்சிக்கு வந்தவர்கள் ஏன் நாலு தலைமுறை தங்கினார்கள் என்று கேட்டிருந்தால், இப்போது போகிறவர்கள் ஏன் போகிறார்கள் என்பதும் புரிந்திருக்கும்.

சான்றிதழ் விஷயத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதிகளை இந்துக்களோடு நிறுத்தியது. சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் உள்ளே வந்தார்கள். கிறிஸ்தவர் இன்னும் வாசலில் நிற்கிறார்கள். கத்தோலிக்கக் கோயிலில் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றியதும் பெயர் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரிக்கையை நிராகரித்தபோது, சிறுவயதில் அவர் பெற்ற ஞானஸ்நானத்தின் பதிவு முக்கியச் சான்றாக நின்றது. வளர்ந்தபின் கிணற்றிலோ ஏரியிலோ முழுக்கு எடுக்கும் சபைக்காரருக்குப் பல இடங்களில் அப்படி ஒரு பதிவேடே கிடையாது. ஆனால் ஜவ்வாது மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு இந்தச் சிக்கல் இல்லை. பழங்குடிச் சான்றிதழுக்கு மதம் குறுக்கே வராது. பிரேசிலில் சான்றிதழ் என்ற பேச்சே இல்லை. அங்கே 2022 கணக்கெடுப்பில் கத்தோலிக்கர் நூற்றுக்கு 56.7 ஆகக் குறைந்து, சுவிசேஷ சபையார் 26.9 ஆகியிருக்கிறார்கள். சான்றிதழ் ஒரு காரணம். ஆனால் ஆட்களை இழுக்கும் கயிறு அது அல்ல.

பியூ ஆய்வு மையம் 2014இல் லத்தீன் அமெரிக்காவில், கத்தோலிக்கராக வளர்ந்து சபை மாறியவர்களிடமே கேட்டது. கடவுளோடு நேரடியான உறவு தேடிப் போனோம் என்றவர்கள் நூற்றுக்கு 81 பேர். வழிபடும் முறை பிடித்தது என்றவர்கள் 69 பேர். மாதாவைப் பற்றியோ போப்பைப் பற்றியோ தர்க்கம் செய்து தோற்று யாரும் போவதில்லை. தர்க்கம் போன பிறகு வருவது. ‘எங்கே எழுதியிருக்கிறது?’ என்று வசனத்தை எடுத்துக்கொண்டு வருகிற மருமகள் அதற்கு ஆறு மாதம் முன்பே மனதால் கிளம்பிவிட்டிருப்பாள்.

இனி உபதேசியாருக்கு வருவோம். அந்தக் காலத்துச் சாமியாருக்குக் கைக்குள் அடங்காத எண்ணிக்கையில் கிராமங்கள். குதிரையிலோ மாட்டு வண்டியிலோ பல வாரங்களுக்கு ஒருமுறைதான் வருவார். இடைப்பட்ட நாளெல்லாம் ஊரில் கிறிஸ்தவம் என்று இருந்தது உபதேசியார்தான். மந்திரம் சொல்லிக்கொடுப்பார், சாயங்காலம் ஜெபமாலை நடத்துவார், சாகக் கிடப்பவர் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பார், தாசில்தாருக்கு மனு எழுதுவார். பல ஊர்களில் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாரும் அவரேதான். பெண்டாட்டி பிள்ளையோடு அதே தெருவில் குடியிருந்தார், அதே கடையில் கடன் வைத்தார். பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது, உள்ளூர்க் குருக்கள் பெருகினார்கள், வெளிநாட்டு மிஷன் பணம் வற்றியது. சாமியாரே வந்துவிடுகிறாரே, உபதேசியார் எதற்கு என்றாகிவிட்டது. வந்த சாமியார் பங்குத் தலைமையிடத்தில் பள்ளிக்கூடத்தின் தாளாளராக உட்கார்ந்தார். கிளைக் கிராமத்துக்குப் பூசைக்கு வருவார், முடிந்ததும் அடுத்த ஊருக்குப் புறப்படுவார். சில வருஷத்தில் மாற்றலாகிவிடுவார்.

காலியான அந்த இடத்தில்தான் பாஸ்டர் வந்து உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட கொட்டகை, ஒரு ஒலிபெருக்கி, ஒரு கீபோர்டு. வீடு அதே தெருவில். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளைக்கு ஜுரம் என்றால் கதவைத் தட்டலாம். பாஸ்டரம்மா எழுந்து வந்து தலையில் கை வைத்து, பிள்ளையின் பெயரைச் சொல்லி ஜெபிப்பார். அந்தப் பெயரைச் சொல்வதில்தான் விஷயம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் கூலி வேலைக்குப் போகும் பெண் ஒலிவாங்கியைப் பிடித்து, புருஷன் குடியை விட்ட கதையைச் சபைக்குச் சொல்கிறாள். கோயிலில் நாற்பது வருஷமாக எழுதிவைத்த பதிலைத் தவிர வேறெதையும் அவள் வாய் திறந்து சொன்னதில்லை. வீட்டிலிருந்து முதலில் கிளம்புகிறவள் பெரும்பாலும் அவள்தான்.

சாதியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி 2008 மார்ச் 9இல் நடந்த மோதலும், துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்ததும் மறக்கக்கூடியவை அல்ல. கோயிலுக்குள் தீண்டாமை இருப்பதை இந்திய ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கொள்கையில் ஒப்புக்கொண்டது. முதல் தலித் கர்தினால், ஹைதராபாத்தின் அந்தோணி பூலா, 2022இல்தான் வந்தார். சபைகள் இதைத் தீர்த்துவிட்டனவா? தீர்க்கவில்லை. ஒரு தெருவுக்கு ஒரு சபை என்பதால் பெரும்பாலும் ஒரே சாதிதான் கூடுகிறது. பின்வரிசையில் நிறுத்த வேறு ஆள் வருவதில்லை. இதை விடுதலை என்று பாடுவதில் எங்களுக்குச் சம்மதமில்லை. ஆனாலும் நாலு தலைமுறை பின்வரிசையில் நின்றவருக்கு முன்வரிசை நாற்காலி சின்ன விஷயமல்ல.

கத்தோலிக்கத் திருச்சபை சும்மா இருந்தது என்றும் சொல்லக்கூடாது. 1967இல் அமெரிக்காவில் பிறந்த கரிஸ்மாட்டிக் இயக்கத்தை உள்ளே விட்டார்கள். தமிழ்நாட்டுப் பங்குகளிலிருந்து கேரளத்துப் போட்டாவுக்கு பஸ் பஸ்ஸாகத் தியானத்துக்குப் போனார்கள். அன்பியங்கள் என்ற சிறு ஜெபக் குழுக்கள் வந்தன. கைதட்டிப் பாடுவது கோயிலிலும் சகஜமாயிற்று. இதில் ஒரு விசித்திரம். ‘ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்’ பாடிய பெர்க்மான்ஸ் கத்தோலிக்கக் குருவாக இருந்து வெளியேறியவர். இன்றும் ‘ஃபாதர் பெர்க்மான்ஸ்’ என்றே ஊர் அழைக்கிறது. அவருடைய பாட்டுகள் பெந்தெகொஸ்தே கொட்டகையிலும் கேட்கும், கத்தோலிக்கரின் ஜெபக் கூட்டத்திலும் கேட்கும். ஆக பாட்டு ஒன்றாகிவிட்டது. அப்படியும் ஆட்கள் போகிறார்கள் என்றால் குறை பாட்டில் இல்லை.

போகிறவர்களுக்கு நஷ்டமும் உண்டு. வீட்டில் முதல் சண்டை சுவரில் இருக்கும் மாதா படத்தை இறக்குவதில் தொடங்கும். ஆடி வெள்ளியில் படவேட்டு ரேணுகாம்பாளுக்கு நம் ஊர் வழியாக ஜனம் போகும்போது, வேளாங்கண்ணிக்கு மொட்டை போட்டு வந்த கத்தோலிக்கக் கிழவிக்கு அதில் அந்நியம் ஏதும் தெரியாது. நின்று மோர் கொடுப்பாள். சபைக்குப் போன மகள் அதைப் பிசாசின் வேலை என்பாள். குங்குமம், பூ, நகை, உறவுக்காரர் வீட்டுக் கோயில் விருந்து என்று ஒவ்வொன்றாக அறுபடும். செத்தால் கோயில் கல்லறையில் இடம் கிடைக்குமா என்ற கேள்வி வரும். தசமபாகத்தை விடாமல் கேட்கிற, ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்கிற பாஸ்டர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தப்பு செய்தால் கேட்க மேலே ஆயர் கிடையாது. இதையெல்லாம் கோயில்காரர்கள் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனார்கள். தடுக்க முடியவில்லை.

ஊருக்கு ஓர் உபதேசியாரை வைத்து மாதச் சம்பளம் கொடுக்க வழியில்லை என்று கையை விரிக்கும் பங்குகளில் கெபிக்குக் கிரானைட் பதிக்கிறார்கள், கொடிமரத்துக்குப் பித்தளைத் தகடு போடுகிறார்கள். அந்த ரசீதுப் புத்தகத்தைப் பாஸ்டரின் தசமபாக நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்: கூலிக்காரர் கொடுத்த காசு இரண்டிலும் இருக்கும். ஒன்றில் அது கல்லாகிறது. மற்றதில், ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் திறக்கிறவரின் வீட்டில் அரிசியாகிறது.