சமையல் வகுப்பில் சரித்திரம்

மாக் மண்டினைத் தொழிற்பேட்டையாகத்தான் பினாங்கில் பலருக்கும் தெரியும். தீவில் இல்லை, கடலைத் தாண்டி பட்டர்வொர்த் பக்கம். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஆலை வாசலில் நின்றால் தமிழ், மலாய், ஹொக்கியன், நேபாளி, வங்காளம் எல்லாம் காதில் விழும். உலகப் பண்பாடுகளைப் படிக்க இதைவிட நல்ல இடம் வேண்டுமா? ஆனால் பண்பாட்டுப் படிப்பு என்றதுமே நம் பேச்சு பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுகிறது.

அங்கேயும் அது இனிதாகத் தொடங்கவில்லை. 2006இல் புத்ரா பல்கலைக்கழகத்தின் இன உறவு வழிகாட்டி நூல், 2001 கம்போங் மேடான் இனக் கலவரத்தை எழுதிய விதத்தால் கொதிப்பைக் கிளப்பியது, நூலை மீட்டுக்கொண்டார்கள். பிறகு பேராசிரியர் ஷம்சுல் அம்ரி பகாருடின் தலைமையில் வேறு நூல் வந்தது. 2019இல் இன உறவுப் பாடத்தின் இடத்துக்கு நெறியும் நாகரிகமும் பற்றிய பாடம் வந்தது. எந்த நூலானாலும் சண்டை வராமல் பார்த்துக்கொள்வதே குறி. ஒற்றுமை பற்றிய கேள்விக்கு இதுவரை யாரும் தப்பாக விடை எழுதியிருக்க மாட்டார்கள்.

மலேசியாவில் 2001இல் தொடங்கிய சமூகக் கல்லூரிகளின் கதை வேறு. அங்கே படிப்பவர்கள் மின்கம்பி இழுக்க, வண்டி பழுது பார்க்க, சமைக்கக் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள். பண்பாட்டைத் தனித்தாளாகக் கொடுத்தால் அதையும் மனப்பாடம் செய்து தேர்வோடு மறப்பார்கள். கற்கும் தொழிலுக்குள்ளேயே அதை வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

நாசி கண்டாரையே எடுத்துக்கொள்வோம். தென் தமிழகத்திலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் தோளில் சுமந்து துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற உணவு அது. சுமந்தவர் ஏன் ஊரை விட்டு வந்தார்? வாங்கித் தின்றவருக்கு என்ன கூலி? தோளிலிருந்து கடையோர ஐந்தடி நடைபாதைக்கும், அங்கிருந்து குளிர்சாதன உணவகத்துக்கும் அது ஏறியது எப்படி? குழம்பு கொதித்து இறங்குவதற்குள் பேசி முடிக்கக்கூடிய விஷயமல்ல. 2016 முதல் பினாங்கு அங்காடிக் கடைகளில் வெளிநாட்டவர் உள்ளூர் உணவைச் சமைக்கக் கூடாது என்று மாநில அரசு தடை போட்டது. வெளியூர்க்காரர் தோளில் வந்த சோறு உள்ளூர் உணவாக எத்தனை காலம் பிடித்தது என்று சமையல் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். விவாதம் சூடு பிடிக்கும்.

நம்மவர் மேலும் குறை உண்டு. பண்பாடு என்றால் கோலமும் பரதமும் போதும் என்று நிறுத்திக்கொள்கிறோம். ஜாவி பெரானாக்கான் என்ற கலப்பினத்தார் யார், போரியா என்ற பாட்டுக்கூத்து எங்கிருந்து வந்தது என்று நம் பிள்ளை கேட்பதில்லை. சொந்தக் கதையும் அரைகுறைதான். பட்டர்வொர்த் இருக்கும் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் வந்துவிட்டார்கள். நாமோ ரப்பரிலிருந்து கதையைத் தொடங்குகிறோம்.

அமெரிக்காவில் இத்தகைய பாடத்தை மாணவர்களே கேட்டு வாங்கினார்கள். ஓக்லந்து நகரில் மெரிட் என்ற சமூகக் கல்லூரியில் 1960களில் கருப்பின மாணவர்கள் தங்கள் வரலாற்றைப் பாடமாக்கச் சொல்லிப் போராடினார்கள். 1966இல் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கிய ஹியூ நியூட்டனும் பாபி சீலும் அங்கே படித்தவர்கள். கலிபோர்னியாவின் சமூகக் கல்லூரிகளில் இணைப் பட்டத்துக்கு இனவியல் பாடத்தைக் கட்டாயமாக்கும் முடிவு 2021இல்தான் வந்தது. அரை நூற்றாண்டு! நம்மிடம் அப்படிக் கேட்கும் குரலே இன்னும் எழவில்லை.

வயரிங்கையே முடிக்க நேரம் போதவில்லை என்று நம் சமூகக் கல்லூரி விரிவுரையாளர்கள் சொல்வார்கள். நியாயம்தான். ஆனால் கூடுதல் மணி நேரம் கேட்கவில்லை. எப்படியும் ஒப்படைப்பு எழுதச் சொல்கிறார்கள். அதில் ஒன்றை மாற்றினால் போதும். தான் கற்கும் தொழிலில் ஓய்வுபெற்ற வேறு இனத்தவர் ஒருவரைத் தேடிப்பிடித்து, என்ன கூலி வாங்கினார், யாரிடம் வேலை பழகினார், எந்த மொழியில் திட்டு வாங்கினார் என்று மாணவர் எழுதி வரட்டும். அந்தப் பெரியவரை வகுப்புக்கு அழைத்தால் பயிற்றுநருக்குத் தரும் சன்மானத்தை அவருக்கும் தர வேண்டும். சும்மா வந்து பேசிவிட்டுப் போகச் சொல்லக் கூடாது.