அச்சம் தந்த கொடை



அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன், 1799 டிசம்பர் 14 அன்று இரவு, உயிர் பிரியும் தறுவாயில் தன் செயலாளரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். மூன்று நாளாவது ஆகாமல் தன் உடலைக் கல்லறைக்குள் வைத்துவிடக் கூடாது என்பதே அது. இசைமேதை ஷோபின் 1849-ல் பாரிஸில் இறக்குமுன், தன் உடலை அறுத்துப் பார்த்த பிறகே புதைக்கச் சொன்னார். ஆல்ஃபிரட் நோபலோ, பரிசுகளுக்கு வழிசெய்த அதே 1895-ம் ஆண்டு உயிலில், இறந்ததும் தன் ரத்தநாளங்களை வெட்டித் திறக்க வேண்டும், மருத்துவர்கள் மரணத்தை உறுதிசெய்த பிறகே எரியூட்ட வேண்டும் என்றும் எழுதிவைத்தார். போர்க்களம் கண்டவரும் வெடிமருந்தோடு வாழ்ந்தவரும்கூட, உயிரோடு புதைபடுவதை நினைத்து நடுங்கியிருக்கிறார்கள்.

அந்த நடுக்கத்துக்குக் காரணம் இருந்தது. நாடியைத் தொட்டுப் பார்ப்பது, மூக்கருகே கண்ணாடியோ இறகோ பிடிப்பது என்று, மரணத்தை அறிய அன்றைய ஐரோப்பாவில் இருந்த வழிகள் மிகச் சில. நீரில் மூழ்கியவரிடமும், காலராவில் நீர்வற்றி உடல் சில்லிட்டு நீலம் பாரித்தவரிடமும் அவை பொய்த்துப்போகலாம். இந்த அடையாளங்களை நம்ப முடியாது என்று பாரிஸ் மருத்துவர் வின்ஸ்லோ 1740-ல் எழுதினார். பிரூயே என்ற மருத்துவர் அதை விரிவாக்கி 1742-ல் பிரெஞ்சில் வெளியிட, அச்சம் நாடு நாடாகப் பரவியது. உடல் அழுகத் தொடங்குவதே உறுதியான அடையாளம் என்று அவர்கள் சொன்னார்கள்.

அதுவரை உடலை எங்கே வைத்திருப்பது? 1790-களின் தொடக்கத்தில், ஜெர்மனியின் வைமர் நகரில் மருத்துவர் ஹூஃப்லாண்டின் முயற்சியால் சடலக் காத்திருப்பு இல்லம் ஒன்று எழுந்தது. பிறகு மியூனிக் போன்ற நகரங்களிலும் வந்தன. இறந்தவர் விரலில் கயிறு கட்டி, மறுமுனையைக் காவலர் அறை மணியோடு இணைத்திருப்பார்கள். சவப்பெட்டியையே மாற்றியமைத்தவர்களும் உண்டு. நியூவார்க்கைச் சேர்ந்த ஃபிரான்ஸ் வெஸ்டர் 1868-ல் காப்புரிமை பெற்ற பெட்டியில் காற்றுக் குழாயும் ஏணியும் மணிக்கயிறும் இருந்தன. ரஷ்யப் பேரரசரின் அவையில் இருந்த கர்னிஸ்-கர்னிஸ்கி 1897-ல் காட்டிய கருவியில், பிணத்தின் மார்புமேல் ஒரு கண்ணாடிக் குண்டு. மார்பு சற்றே அசைந்தாலும் குழாய் திறந்து, மேலே கொடி உயர்ந்து, மணி ஒலிக்கும்.

ஆனால் அழுகும் உடலும் வாயுவால் உப்பி அசையும். மணி அதற்கும் ஒலித்துவிடும். இத்தகைய சவப்பெட்டிகளால் ஒருவரேனும் பிழைத்தார் என்பதற்கு நம்பகமான சான்று இல்லை.

அப்படியானால் அத்தனை அச்சமும் வீண்தானா? இல்லை என்றே நான் உறுதியாக நம்புகிறேன். இறந்துவிட்டதாகத் தோன்றுபவரிடம் உயிர் இருக்கக்கூடும் என்ற அதே எண்ணம், கல்லறைக்கு வெளியே மகத்தான வேலை செய்தது. நீரில் மூழ்கியவர்களை மீட்க 1767-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சங்கம் தோன்றியது. வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க அது மக்களுக்குச் சொல்லித் தந்தது. மீட்டவர்களுக்குப் பரிசும் அளித்தது. லண்டனில் வில்லியம் ஹாஸ், தாமஸ் கோகன் என்ற மருத்துவர்கள் 1774-ல் அதேபோன்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். மரணத்தின் உறுதியான அடையாளம் எது என்ற கேள்விக்குப் பிரெஞ்சு அறிவியல் கழகம் பரிசு அறிவித்தது. ஸ்டெதஸ்கோப்பால் இதயத்தைப் பொறுமையாகக் கேட்பதே வழி என்று காட்டிய யூஜின் பூஷூ அதை வென்றார்.

அந்தப் பொறுமை இன்று நம் சட்டத்திலும் இருக்கிறது. உறுப்பு தானத்துக்கு முன், மூளைச்சாவை நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு உறுதிசெய்ய வேண்டும். குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்க வேண்டும். மருத்துவமனையில், "நன்றாகப் பார்த்தீர்களா டாக்டர்?" என்று தவிப்போடு கேட்கும் குடும்பத்தாரை யாரும் அலட்சியம் செய்ய வேண்டாம். மருத்துவத்தை வளர்த்ததே அந்தக் கேள்விதான்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சவப்பெட்டியில் மணி கட்டியவர்கள், காலம் கடந்த இடத்தில் உதவியைத் தேடினார்கள். நாம் முன்னதாகவே உதவ முடியும். திடீரென விழுந்து, நினைவும் இயல்பான மூச்சும் இல்லாமல் கிடப்பவரைக் கண்டால் உடனே 108-ஐ அழையுங்கள். அவர் பெரியவர் என்றால், நெஞ்சின் நடுவே இரு கைகளையும் வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வேகத்தில் அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை விடாதீர்கள். இதை முறையாகக் கற்கச் சில மணி நேரமே போதும். வீட்டுக்கு ஒருவராவது கற்றுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்