தேடல் பெட்டிக்கும் காது வேண்டும்

இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். வேலையெல்லாம் முடிந்த பிறகு பொறுமையாகப் படித்தால் போதும்.

போன மாதம் என் பழைய மாணவர் ஒருவர் போனில் பேசினார். மளிகைச் சாமான்களை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் ஒரு கம்பெனியில், மென்பொருள் பிரிவில் இருக்கிறார். "ஐயா, எங்க வெப்சைட்ல தேடுற வசதியை மாத்திக்கிட்டு இருக்கோம். இப்ப தமிழ்லயும் தேடலாம். நாலு நாள் பயன்படுத்திப் பார்த்துட்டு உங்க கருத்தைச் சொல்லுங்க" என்றார். பார்த்தேன், சொன்னேன். அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். உங்களில் பலர் இதே தொழிலில் இருக்கிறீர்கள். மற்றவர்கள் இப்படிப்பட்ட தளங்களில் வாங்குகிறவர்கள். இரண்டு தரப்புக்கும் இதில் வேலை இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேடும் வசதியைத் திருத்த நினைக்கும் கம்பெனி, வாடிக்கையாளரிடம் ஐந்து நட்சத்திரம் கேட்பதற்கு முன்னால், அவர்கள் தேடிக் கிடைக்காமல் போன சொற்களை உட்கார்ந்து படிக்க வேண்டும். கிடைக்காத ஒவ்வொரு சொல்லும் வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த கடிதம்தான்.

நான் தேடிப் பார்த்ததில் சிலவற்றைச் சொல்கிறேன். "பொரிகடலை" என்று போட்டேன். முடிவுகள் எதுவும் இல்லை என்று வந்தது. "பொட்டுக்கடலை" என்று போட்டதும் நான்கு வகை வந்தன. "சீனி" என்றேன். சீனிமிட்டாய் பாக்கெட் ஒன்று மட்டும் வந்தது. சர்க்கரை என்றால்தான் சர்க்கரை. "சீனியவரைக்காய்" கிடையாது, "கொத்தவரங்காய்" உண்டு. "இட்லி அரிசி" இருக்கிறது. "இட்லிக்கு அரிசி" என்று பேசுகிற மாதிரி எழுதினால் இல்லை. கடையில் எல்லாச் சரக்கும் இருக்கிறது. வாங்க வந்தவர் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பார் என்பதுதான் கடைக்குத் தெரியவில்லை.

எங்கள் தெருமுனை அண்ணாச்சி கடையில் இந்தத் தொல்லை இல்லை. ஒருவர் வேர்க்கடலை என்பார், ஒருவர் நிலக்கடலை என்பார், விழுப்புரம் கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் மல்லாட்டை என்பார். யாழ்ப்பாணத்து உறவினர் வந்திருந்தால் கச்சான் என்று கேட்பார். முதல் தடவை அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்து, "எது, இதுவா?" என்று கையில் எடுத்துக் காட்டுவார். இரண்டாம் தடவை கேட்கத் தேவையில்லை. ஒரே வாரத்தில் அவர் கற்றுக்கொள்வதைப் பெரிய கம்பெனியின் தளம் ஐந்து வருடமானாலும் கற்றுக்கொள்வதில்லை. தளத்தில் நிமிர்ந்து பார்க்க ஆள் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இது தமிழுக்கு மட்டும் உள்ள சிக்கல் என்று நினைக்க வேண்டாம். 1987-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபர்னாஸ், தாமஸ் லாண்டவர், லூயிஸ் கோமெஸ், சூசன் டுமைஸ் என்ற நான்கு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு பொருளையோ, கணினிக் கட்டளையையோ, சமையல் குறிப்பையோ கொடுத்து, இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள் என்று பலரிடம் கேட்டுப் பார்த்தார்கள். இரண்டு பேர் ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தது. அதாவது, கம்பெனியில் ஒருவர் உட்கார்ந்து எவ்வளவு யோசித்துப் பெயர் வைத்தாலும், பெரும்பாலானவர்கள் வேறு பெயரைத்தான் தட்டுவார்கள். இதற்கு அவர்கள் சொன்ன தீர்வும் எளிமையானது. ஒரு பொருளுக்கு ஒரு பெயரோடு நிறுத்தாதீர்கள், மக்கள் வழங்கும் எல்லாப் பெயர்களையும் அதோடு சேர்த்து வையுங்கள் என்றார்கள். அந்தப் பெயர்களை எங்கே தேடுவது? தேடுகிறவர்கள்தான் தினமும் பெட்டியில் தட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்களே!

இப்போது "வாடிக்கையாளர் கருத்து" என்று கம்பெனிகள் வாங்குவதைப் பார்ப்போம். வாங்கி முடித்ததும் ஒரு கட்டம் வருகிறது. எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று கேட்கிறது. ஆனால் அது யாருக்கு வருகிறது? வாங்கி முடித்தவருக்கு. தேடிக் கிடைக்காமல் மூடிவிட்டுப் போனவரை யாரும் கேட்கவில்லை. தேர்ச்சி பெற்றவர்களை மட்டும் வரிசையில் நிற்கவைத்துப் பாடம் புரிந்ததா என்று கேட்பதைப் போன்றது இது. எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள்.

வகுப்பில் கை தூக்கிச் சந்தேகம் கேட்கும் பிள்ளைகள் நாலைந்து பேர்தான் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு எது புரியவில்லை என்பதை விடைத்தாளில்தான் பார்க்க வேண்டும். நாற்பது பேரில் முப்பது பேர் ஒரே கேள்விக்கு ஒரே தவறான விடையை எழுதியிருந்தால், முப்பது பேரும் படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கேள்வியையோ பாடம் நடத்திய விதத்தையோதான் திரும்பிப் பார்க்க வேண்டும். தேடல் பெட்டியில் விழுந்து கிடைக்காமல் போன சொற்களின் பட்டியல்தான் கம்பெனிக்கு விடைத்தாள் கட்டு. அது ஏற்கெனவே அவர்கள் கணினியில் சேமிப்பில் இருக்கிறது. புதிதாகக் கருத்துக் கணிப்பு நடத்திச் செலவு செய்ய வேண்டியதில்லை.

"தொழில்நுட்பம் கடினம் ஐயா" என்று மாணவர் சொன்னார். கடினம்தான். ஆனால் புதிது இல்லை. ஒலி ஒத்த பெயர்களை ஒரே குறியீட்டில் சேர்க்கும் சவுண்டெக்ஸ் முறைக்கு ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1918-இல். ஒரு சொல்லுக்கும் இன்னொரு சொல்லுக்கும் எத்தனை எழுத்து வித்தியாசம் என்று அளக்கும் முறையை ரஷ்யக் கணித அறிஞர் லெவன்ஷ்டைன் வெளியிட்டது 1965-இல். எழுத்துப் பிழையோடு தட்டினாலும் நீங்கள் தேடுவது இதுவா என்று கேட்கும் வசதிகளுக்கு இப்படிப்பட்ட முறைகள்தான் அடிப்படை.

தமிழுக்கென்று தனியாகச் சில வேலைகள் உண்டு. கொத்தமல்லியின் "கொ" என்ற எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் கணினியில் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். யூனிகோடு விதிப்படியும் இரண்டும் சமம். ஆனால் மென்பொருளை எழுதியவர் இரண்டையும் ஒன்றாக்கும் படியைச் சேர்க்க மறந்தால், கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். கறுப்புக் கவுனி அரிசியைச் சிலர் "கவுனி" என்றும் சிலர் "கௌனி" என்றும் எழுதுவார்கள். "கௌ" எழுதத் தெரியாமல் "கெ" போட்டுப் பக்கத்தில் "ள" போடுவோரும் உண்டு. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவோர் புழுங்கல் அரிசியின் ழகரத்துக்கு இசட் ஹெச் போடுவார்கள், அல்லது வெறும் எல் போடுவார்கள். இவர்கள் அத்தனை பேருக்கும் அரிசி கிடைக்க வேண்டும்.

அதற்காகக் கணினி தானாகவே எல்லாவற்றையும் திருத்திவிடவும் கூடாது. ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக்கிவிட்டால் என்ன ஆகும்? வாழை பழக்கடையில் இருப்பது, வாளை மீன்கடையில் இருப்பது. ஒரே கம்பெனி இரண்டையும் விற்கிறது. வாளை மீன் கேட்டவருக்கு வாழைத்தார் வந்து இறங்கினால் நன்றாகவா இருக்கும்? அதனால் தட்டிய சொல்லுக்கு உரியதை முதலில் காட்டிவிட்டு, "வாழை தேடுகிறீர்களா?" என்று பக்கத்தில் கேட்க வேண்டும். அண்ணாச்சி செய்வதும் இதைத்தான்.

இன்னொன்றும் மாணவர் சொன்னார். "தமிழ்ல தேடுறவங்க ரொம்பக் குறைவு ஐயா. அதனால மேல இருக்கிறவங்க அதுக்கு ஆள் போட மாட்டேங்குறாங்க." இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. தமிழில் தட்டினால் எதுவும் கிடைக்காது என்று இரண்டு முறை பார்த்தவர் மூன்றாம் முறை ஏன் தட்டப் போகிறார்? கதவைப் பூட்டிவைத்துவிட்டு, இந்த வழியாக யாரும் வருவதில்லை என்று சொல்லலாமா?

இதில் எனக்குள்ள உண்மையான வருத்தம் வேறு. தேடிக் கிடைக்காதபோது இளைஞர்கள் கம்பெனியைத் திட்டுகிறார்கள். வயதானவர்கள் தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு அம்மா தனியாக இருக்கிறார். முழங்கால் வலி, கடைக்கு நடக்க முடியாது. மகன் வாங்கிக் கொடுத்த போனில் தானாகவே ஆர்டர் போட ஆசைப்பட்டுப் பழகினார். நாலைந்து முறை கிடைக்கவில்லை என்று வந்ததும், "நமக்கு இதெல்லாம் வராதுப்பா" என்று போனை வைத்துவிட்டார். இப்போது அரைக்கிலோ உளுந்துக்கும் வெளிநாட்டில் இருக்கும் மகன் ராத்திரி விழித்திருந்து ஆர்டர் போடுகிறான். அறுபது வருடம் குடும்பம் நடத்தியவருக்கு உளுந்து வாங்கத் தெரியாது என்று ஒரு பெட்டி சொல்லிவிட்டது, அவரும் நம்பிவிட்டார். அவர் எந்த நட்சத்திரக் கட்டத்திலும் கருத்துச் சொல்லப் போவதில்லை.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனை உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கணக்கு ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது பற்றியது. புத்தகம் அலமாரியில் இருந்தால் மட்டும் போதாது, கேட்டு வந்தவர் கைக்கு விரைவாகப் போய்ச் சேர வேண்டும் என்பது அதன் சாரம். கணினி வருவதற்கு முன்பே சொன்னது இன்றைய தேடல் பெட்டிக்கும் பொருந்துகிறது.

கம்பெனிகளில் இருக்கும் மாணவர்களுக்குச் சில யோசனைகள்:

1. வாரம் ஒரு முறை, கிடைக்காமல் போன சொற்களில் அதிகம் தேடப்பட்ட நூறை எடுத்து ஒரு மனிதர் படிக்கட்டும். தமிழ் தெரிந்தவராக, வெவ்வேறு மாவட்டத்துப் பேச்சு அறிந்தவராக இருந்தால் நல்லது. போனில் குறை கேட்கும் பிரிவினரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். மக்கள் எந்தச் சொல்லால் கேட்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

2. எதுவும் கிடைக்கவில்லை என்று காட்டும் இடத்திலேயே, "இதை உங்கள் ஊரில் வேறு எப்படிச் சொல்வீர்கள்?" என்று ஒரு வரி கேளுங்கள். குறை நடந்த இடத்திலேயே கேட்டால்தான் பதில் வரும்.

3. சரக்கு இல்லை என்பதும் சொல் புரியவில்லை என்பதும் வேறு வேறு. இரண்டுக்கும் ஒரே பதிலைக் காட்டாதீர்கள்.

4. எதை அதிகம் பேர் தொடுகிறார்கள் என்ற கணக்கை அப்படியே நம்பாதீர்கள். மேலே இருப்பதைத்தான் ஆட்கள் தொடுவார்கள். அதை வைத்து மறுபடி அதையே மேலே ஏற்றினால், முதல் பெஞ்சுப் பிள்ளையிடமே கேள்வி கேட்டு வகுப்புக்கே புரிந்துவிட்டது என்று முடிவு கட்டுவதாக ஆகும்.

5. சொற்களைப் படியுங்கள், ஆட்களைப் படிக்காதீர்கள். 2006-இல் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம், ஆய்வுக்காக என்று ஆறரை லட்சம் பேர் தேடிய சொற்களைப் பெயருக்குப் பதில் எண் போட்டு வெளியிட்டது. தேடிய சொற்களை வைத்தே ஒரு மூதாட்டியைப் பத்திரிகையாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவர் என்ன தேடுகிறார் என்பதில் அவர் வீட்டு நோயும் கவலையும் தெரிந்துவிடும்.

6. திருத்தியதும், "நீங்கள் சொன்னதைச் சேர்த்துவிட்டோம்" என்று சொன்னவருக்கு ஒரு வரி அனுப்புங்கள். கேட்டுவிட்டுப் பதில் சொல்லாத இடத்தில் மறுபடி யாரும் கருத்துச் சொல்ல மாட்டார்கள்.

வாங்குகிற உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. கிடைக்கவில்லை என்றால் பேசாமல் மூடிவிட்டுப் போகாதீர்கள். "தேடல் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் அவர்களால் எதையும் திருத்த முடியாது. என்ன சொல்லைத் தட்டினீர்கள், என்ன வந்தது, எதை எதிர்பார்த்தீர்கள் என்ற மூன்றையும் எழுதுங்கள். இரண்டு நிமிட வேலை. உங்களுக்குப் பின்னால் அதே சொல்லைத் தட்டப்போகும் நூறு பேருக்கு உதவும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்களுக்காக நீங்களே ஆர்டர் போட்டு முடித்துவிடாமல், பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் எப்படித் தட்டுகிறார்கள் என்று ஒருநாள் பாருங்கள்.

மாணவரிடம் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். மளிகைச் சாமான், காய்கறிகளுக்கு ஊர் ஊராக வழங்கும் பெயர்களைத் தொகுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். சேர்த்துக்கொள்வதாக அவரும் சொல்லியிருக்கிறார். எனவே உங்கள் ஊரில் சர்க்கரைக்கு, பொட்டுக்கடலைக்கு, கொத்தவரங்காய்க்கு, மற்ற சாமான்களுக்கெல்லாம் என்ன பெயர் என்று எழுதுங்கள். ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அம்மா, பாட்டியிடம் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. இந்த மாதக் கடைசிக்குள் பட்டியலை அவரிடம் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தமிழய்யா