மாடித்தோட்டம் போட இடம் இருக்கு... தண்ணிக்கு என்ன வழி? மல்லாங்கிணறு சொல்லும் கணக்கு

2023 ஜூலை ஞாபகம் இருக்கா? தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி ஏறிய மாதம். தமிழ்நாடு அரசே ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க வேண்டிய நிலை வந்தது. சின்ன வெங்காயமும் சேர்ந்து விலை ஏற, "பேசாம வீட்டுலயே நாலு செடி வெச்சிடலாம்" என்ற பேச்சு பல வீடுகளில் எழுந்தது.

ஒவ்வொரு முறை காய்கறி விலை ஏறும்போதும் இந்தப் பேச்சு வரும். விலை இறங்கியதும் பேச்சும் போய்விடும். மொட்டை மாடியில் காய்ந்த பைகள் மட்டும் மிச்சம் இருக்கும்.

ஏன் இப்படி ஆகிறது? இடம் பத்தாததுதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். சென்னை அடுக்குமாடி வீட்டுக்கு அது சரி. விருதுநகர் மாவட்டத்துக்கு அந்தப் பதில் பொருந்தாது. இங்கே பிரச்சினை வேறு.

பெயரிலேயே கிணறு

விருதுநகர் மாவட்டம், காரியாபட்டி வட்டத்தில் இருக்கும் பேரூராட்சி மல்லாங்கிணறு. அரசியல்வாதி தங்கம் தென்னரசு, கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியன் ஆகியோரின் சொந்த ஊர் என்பதால் செய்திகளில் அடிக்கடி அடிபடும் பெயர்.

பேரூராட்சி என்பதால் அரசுக் கணக்கில் இது நகரம். ஊரைத் தாண்டினால் கரிசல் காடு. ஊருக்குள் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். கொல்லைப்புறம் என்று தனியாக இல்லாத வீடுகளில் மொட்டை மாடியோ, வாசல் திண்ணை ஓரமோதான் மிச்ச இடம்.

ஆனால் அந்த இடமே ஆறு பைகளுக்குத் தாராளம். தண்ணீர்தான் கேள்வி. விருதுநகர் மாவட்டம் பெரும்பாலும் மானாவாரி பூமி. ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையின்போது, அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. விருதுநகர், அருப்புக்கோட்டை, சாத்தூர் போன்ற ஊர்களுக்குக் குடிநீரே மாவட்டத்தைத் தாண்டி, தாமிரபரணியிலிருந்து குழாய் வழியே வருகிறது.

குடிக்கிற தண்ணியே அவ்வளவு தூரம் பயணம் செய்து வரும் மாவட்டத்தில், அதை எடுத்துச் செடிக்கு ஊற்ற யாருக்கு மனசு வரும்?

அரசு என்ன தருகிறது?

வீட்டுத் தோட்டத்துக்கு அரசு உதவி புதிதல்ல. 2013-14ல் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டப் பொருட்களை மானிய விலையில் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. 2021ல் 'முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம்' வந்தது. அதில் அறிவிக்கப்பட்டவை மூன்று.

● மாடித்தோட்டத் தளை: 6 வளர்ப்புப் பைகள், 2 கிலோ தென்னைநார்க் கட்டிகள் 6, 6 வகை காய்கறி விதைகள், உயிர் உரங்கள், வேப்பெண்ணெய், கையேடு. 900 ரூபாய் மதிப்புள்ள இது 225 ரூபாய்க்கு.

● காய்கறி விதைத் தளை: 12 வகை விதைகள். 60 ரூபாய் மதிப்புள்ளது 15 ரூபாய்க்கு. இது கிராமப்புற வீடுகளுக்கானது.

● ஊட்டச்சத்துத் தளை: பப்பாளி, முருங்கை, கறிவேப்பிலை உள்ளிட்ட 8 செடிகள். 100 ரூபாய் மதிப்புள்ளது 25 ரூபாய்க்கு.

அடுத்து, 2025 ஜூலையில் 'ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கம்' தொடங்கப்பட்டது. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கீரை, கொத்தவரை விதைகளும், பப்பாளி, கொய்யா, எலுமிச்சைச் செடிகளும் இதில் முழு மானியத்தில் தரப்பட்டன.

எல்லாமே நல்ல பொருட்கள்தான். ஆனால் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். பை இருக்கு, விதை இருக்கு, உரம் இருக்கு. தண்ணீர் சேர்த்து வைக்க ஒரு தொட்டி? இல்லை. வெயிலைத் தடுக்க நிழல்வலை? அதுவும் இல்லை. மல்லாங்கிணறு மாதிரி ஊரில் தோட்டம் பிழைக்குமா, காயுமா என்பதைத் தீர்மானிக்கும் இரண்டு பொருட்களும் பட்டியலில் காணோம்.

ஆறு பைக்கு எவ்வளவு தண்ணீர்?

வெயில் காலத்தில் காய்க்கும் செடி உள்ள ஒரு பைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பைக்கு 12 லிட்டர். கிட்டத்தட்ட ஒரு குடம்.

ஒரு குடம்தானே என்று தோன்றும். தண்ணீரை விலைக்கு வாங்கும் வீட்டில் கதை வேறு. உதாரணமாக, குடம் 10 ரூபாய் என்றால் மாதம் 300 ரூபாய் செடிக்கே போய்விடும். கீரைக் கட்டு 15 ரூபாய்க்குக் கிடைக்கும்போது, அந்தக் காசுக்கு 20 கட்டு வாங்கிவிடலாம். தோட்டம் நஷ்டம்!

இன்னொன்றும் உண்டு. அந்தக் குடத்தை யார் மாடிக்குத் தூக்குவது? காலையிலேயே வேலைக்குக் கிளம்பி, சாயங்காலம் வந்து சமைக்க வேண்டிய பெண்தான் பல வீடுகளில் தூக்க வேண்டியிருக்கும். படியேறித் தண்ணீர் சுமக்க வேண்டிய தோட்டம் இரண்டு மாதம் தாண்டுவது கஷ்டம். மாடியில் குழாய் இல்லையென்றால், பைகளை அடுப்படிக்குப் பக்கத்தில், கீழேயே வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. இரண்டு இடங்களிலிருந்து தண்ணீர் எடுக்கலாம்.

ஒன்று: அடுப்படித் தண்ணீர்

அரிசி களைந்த தண்ணி, காய்கறி கழுவிய தண்ணி இரண்டையும் ஒரு வாளியில் பிடித்துப் பாருங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் தினமும் 5, 6 லிட்டர் தேறும். ஆறு பைகளின் தேவையில் பாதி அது. மாடு இருக்கிற வீட்டில் அது கழனித்தொட்டிக்குப் போய்விடும். மாடு இல்லாத வீட்டில் சாக்கடைக்குத்தான் போகிறது.

சோப்பு, சலவைத் தூள் கலந்த தண்ணீரைக் கீரைக்கு ஊற்றக் கூடாது. வாழை இருந்தால் அந்தப் பக்கம் திருப்பிவிடலாம்.

ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் தண்ணீரை ஊற்றலாமா? பலரும் கேட்கும் கேள்வி இது. தண்ணீரில் ஏற்கெனவே இருந்த உப்பு, அந்தக் கழிவுநீரில் இன்னும் அதிகமாகச் சேர்ந்திருக்கும். உப்புத்தண்ணி ஊரில் அதையே தொடர்ந்து ஊற்றினால் சில வாரங்களில் மண்ணின் மேல் வெள்ளையாகப் படியும், இலை ஓரம் கருகும். அந்தத் தண்ணீரில் வீடு துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம். செடிக்கு வேண்டாம்.

இரண்டு: கூரையில் விழும் மழை

இதில்தான் ஆச்சரியமான கணக்கு இருக்கிறது.

500 சதுர அடி மொட்டை மாடி என்பது சுமார் 46 சதுர மீட்டர். ஆண்டுக்கு 800 மி.மீ. மழை பெய்தால் அந்த மாடியில் விழுவது சுமார் 37,000 லிட்டர். ஆவியாவது, சிந்துவது போக 80 சதவீதம் கிடைத்தாலும் 29,000 லிட்டருக்கு மேல்.

ஆறு பைகளுக்கு வருஷம் முழுக்கத் தினமும் 12 லிட்டர் ஊற்றினாலும் 4,380 லிட்டர்தான் செலவாகும். வறண்ட மாவட்டம் என்று சொல்லப்படும் இடத்தில், வீட்டுக் கூரையில் விழும் தண்ணீர் தோட்டத்தின் தேவையைப்போல ஆறு மடங்குக்கும் அதிகம்!

சிக்கல் என்னவென்றால், தேவைப்படும் மாதத்தில் மழை இருக்காது. பருவமழைக் காலத்தில் பைக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை குறைவு. நெருக்கடி ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில்தான். 90 நாளுக்கு 12 லிட்டர் வீதம் 1,080 லிட்டர். அதில் பாதியை அடுப்படித் தண்ணீர் பார்த்துக்கொண்டால், மிச்சத்துக்கு ஏறத்தாழ 500 லிட்டர் தொட்டி ஒன்று போதும்.

தமிழ்நாட்டில் 2003ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. பெரும்பாலும் மழைநீரைக் குழிக்குள் இறக்கி நிலத்தடிக்கு அனுப்பும் ஏற்பாடுதான் அது. நல்ல காரியம். அதே குழாயில் ஒரு தொட்டியை இணைத்தால் கோடைக்குச் செடித் தண்ணீரும் தயார். முதல் மழையில் தூசும் பறவை எச்சமும் வரும் என்பதால் அதை விட்டுவிட்டு அடுத்த மழையிலிருந்து பிடிக்க வேண்டும். தொட்டியை இறுக்கமாக மூட வேண்டும். இல்லாவிட்டால் டெங்கு பரப்பும் கொசுவுக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஒரு தொட்டி சில ஆயிரம் ரூபாய் ஆகும். விதைக்கு மானியம் தரும் தோட்டக்கலைத் துறையும், மழைநீர் சேகரிப்பை வலியுறுத்தும் உள்ளாட்சியும் கைகோத்தால் இந்தச் செலவைக் குறைக்க முடியும். இப்போதைக்கு இரண்டும் தனித்தனியாக ஓடுகின்றன.

என்ன நடலாம்? தக்காளியா, கீரையா?

விலை ஏறியதைப் பார்த்துத் தக்காளி நடுவதில் ஒரு கோளாறு உண்டு. விதை போட்டு, நாற்றாகி, காய் பறிக்க ஏறத்தாழ மூன்று மாதம். 2023 ஜூலையில் விலையைப் பார்த்து விதைத்தவருக்கு அக்டோபரில்தான் பழம். அதற்குள், செப்டம்பரிலேயே தக்காளி விலை சரிந்துவிட்டது.

இலங்கையிலும் இதே பாடம்தான். பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022 ஜூனில், வீட்டில் பயிர் செய்வதற்காக அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை தர அந்நாட்டு அமைச்சரவை முடிவெடுத்தது. ஆனால் பசி இன்றைக்கு, அறுவடை மூன்று மாதம் கழித்து. வீட்டுத் தோட்டம் என்பது நெருக்கடி வரும்முன் இருக்க வேண்டிய ஏற்பாடு. வந்தபின் தொடங்கினால் கை கொடுக்காது.

ஆறு பைகள் ஒரு குடும்பத்தின் காய்கறித் தேவையைத் தீர்க்கவும் செய்யாது. ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய், பழம் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேருக்கு 1.6 கிலோ. பைகளிலிருந்து அது வராது.

பிறகு எதற்கு இந்தப் பாடு? பதில் கீரையில் இருக்கிறது. தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21ன்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! விருதுநகர், மத்திய அரசு 2018ல் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் இருக்கும் மாவட்டம். தமிழ்நாட்டில் அதில் இடம்பெற்ற இன்னொரு மாவட்டம் ராமநாதபுரம். அந்தத் திட்டம் கவனிக்கும் விஷயங்களில் ஊட்டச்சத்தும் ஒன்று.

கீரை 25, 30 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். ரத்தசோகைக்குக் கீரை மட்டும் மருந்தாகாது, மருத்துவர் தரும் மாத்திரையை நிறுத்தவும் கூடாது. ஆனால் கடைக்குப் போக நேரமில்லாத வீட்டில், கைக்கெட்டும் தூரத்தில் கீரை இருந்தால் வாரத்தில் மூன்று நாள் அது தட்டுக்கு வரும்.

இந்த ஊர் வெயிலுக்கு ஏற்ற பட்டியல் இது.

● வருஷம் முழுக்க: கறிவேப்பிலை, மிளகாய். இடம் இருந்தால் தரையில் ஒரு முருங்கை.

● ஆடிக்குப் பிறகு: கத்தரி, வெண்டை, கொத்தவரை. தெற்கே சீனியவரை என்று சொல்வோமே, அதுதான். வறட்சியைத் தாங்கும்.

● மழைக்குப் பிறகு, தை மாதம் வரை: தக்காளி, கொத்தமல்லி, வகைவகையான கீரை.

● சித்திரை, வைகாசி: புதிதாக எதையும் நட வேண்டாம். தண்ணீர் குறைவாக இருந்தால் கறிவேப்பிலையை மட்டும் காப்பாற்றிவிட்டு, மற்ற பைகளுக்கு லீவு விட்டுவிடலாம். தப்பே இல்லை.

கரிசல் காட்டு அதலைக்காயும் இதைத்தான் செய்கிறது. மழை பெய்ததும் கிழங்கிலிருந்து முளைத்துக் காய்க்கும். வெயில் வந்ததும் கொடி காய்ந்து, கிழங்கு மண்ணுக்குள் தூங்கிவிடும். இந்த மண்ணுக்கான விவசாயக் காலண்டர் அந்தக் கொடியிலேயே இருக்கிறது.

மண், பை: கவனிக்க வேண்டியவை

கரிசல் மண்ணை அப்படியே பையில் நிரப்பினால் காயும்போது வெடிக்கும், நனைந்தால் தண்ணீர் இறங்காது. ஒரு பங்கு கரிசல், ஒரு பங்கு தென்னைநார்த் தூள், ஒரு பங்கு மக்கிய எரு என்று கலக்கலாம். கரிசல் ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால் தென்னைநாரை மட்டும் நிரப்புவதைவிட இது மேல். மேலே காய்ந்த இலை, சருகு மூடாக்குப் போட்டால் தண்ணீர் மிச்சமாகும்.

நனைந்த பைகள் கனக்கும். மாடியில் நடுவில் குவிக்காமல் சுவர் ஓரமாகப் பிரித்து வைக்க வேண்டும். ஓட்டு வீடு, தகரக் கூரை, சிமென்ட் ஷீட் வீடுகளுக்குக் கூரை மேல் தோட்டம் வேண்டவே வேண்டாம். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

பட்டாசுத் தொழில் நடக்கும் மாவட்டம் என்பதால் இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். வேதிப்பொருள் வந்த சாக்கு, டிரம், டப்பா எதுவும் சும்மா கிடைத்தாலும் அதில் உணவுச் செடி வளர்க்கக் கூடாது, தண்ணீரும் பிடிக்கக் கூடாது. பட்டாசில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2018ல் தடை விதித்தது. அப்படிப்பட்ட பொருள் ஒட்டியிருந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் கீரைக்கு அது ஆகாது. அரிசிச் சாக்கு, பெயிண்ட் வராத புது வாளி, மண் தொட்டி போதும்.

எங்கே கேட்பது?

விதை, செடித் தளைகள் இருப்பில் உள்ளதா என்பதை வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்கலாம். உழவன் செயலியிலும் பார்க்கலாம். போகும்போது ஆதார் எண்ணை எடுத்துச் செல்லுங்கள்.

பையும் விதையும் சில நூறு ரூபாயில் கிடைத்துவிடும். ஐப்பசி மழை இறங்கும்முன் ஒரு தொட்டியும் மூடியும் தயாராக இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான், அடுத்த சித்திரையில் அந்தப் பையில் கறிவேப்பிலை நிற்குமா, காய்ந்த குச்சி நிற்குமா என்பது தெரியும்.